மழைக்கால டிரையர்: பஞ்சு அடைத்தால் பில் ஏறும்!

ஐப்பசி பிறந்துவிட்டால் ராஜபாளையத்துக்காரர்களுக்குத் துணி துவைப்பது பெரிய முடிவு. காலையில் மாடிக்குப் போய் மேற்கே பார்க்க வேண்டும். மலை பளிச்சென்று தெரிந்தால் துணியை ஊறவைக்கலாம். மேகம் இறங்கி மலையே காணாமல் போயிருந்தால் இன்னொரு நாள் தள்ளிப்போட வேண்டியதுதான். ஆனால் ஸ்கூல் யூனிஃபார்ம் தள்ளிப்போடுமா? கைக்குழந்தை இருக்கும் வீடு தள்ளிப்போடுமா?

பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதே கதைதான். ஹாலில் குறுக்கே கொடி, ஜன்னல் கம்பியில் துண்டு, நாற்காலி முதுகில் நைட்டி, கதவின் மேல் ஜீன்ஸ். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் காய்ந்திருக்கும். கூடவே ஒரு முடை நாற்றமும் இருக்கும். இந்தத் தொல்லை தாங்காமல்தான் வீடுகளுக்குள் டிரையர் வரத் தொடங்கியிருக்கிறது. டிரையர் வந்ததும் நாற்றம் போய்விடும். அடுத்த கவலை, இரண்டு மாதம் கழித்து ஈபி பில்லில் வரும்.

கணக்குப் போட வசதியாக ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொள்வோம். ராஜபாளையம், இரண்டாவது மாடி. மாமியார், மகன், மருமகள், ஸ்கூல் போகும் இரண்டு பிள்ளைகள். ஃபிரிட்ஜ், கிரைண்டர், டிவி, மோட்டார், ராத்திரி கொஞ்ச நேரம் ஏசி. இரண்டு மாதத்துக்கு 470 யூனிட் ஓடுகிறது. மழைக்காலத்தில் வாரம் மூன்று முறை டிரையர் போடுகிறார்கள்.

"வெயில் காசு கேக்குதாம்மா? இந்தப் பொட்டி மட்டும் கேக்குது" என்கிறார் மாமியார்.

"வெயிலு எங்கத்தை இருக்கு? நாலு நாளா மலையவே காணோம்" என்கிறார் மருமகள்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். சண்டையைத் தீர்க்க வேண்டியது டிரையரை வைத்திருக்கும் விதம்.

500 என்ற கோடு

முதலில் பில். 2024 ஜூலையில் மாறிய கட்டணப்படி, தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாகக் கட்டணம் ஏறும். இது எல்லோருக்கும் தெரியும். பலரும் கவனிக்காத விஷயம் 500-வது யூனிட்டில் இருக்கிறது. அந்த 2024 கட்டணப்படி, 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குப் பாதிக் கட்டணம். 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை கிடையாது. அதாவது, 501-வது யூனிட் ஓடியதுமே அந்த ஒரு யூனிட்டுக்கான காசோடு, முன்பு கிடைத்த சலுகையும் சேர்ந்து போய்விடும். 200 ரூபாய்க்கு மேல் ஒரே தாவல். அதன் பிறகு ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல்.

நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஹீட்டர் உள்ள சாதாரண டிரையர் ஒரு லோடுக்கு 3 யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், எட்டு வாரத்தில் 24 லோடு, 72 யூனிட். 470 என்பது 542 ஆகிறது. அதே டிரையரை ஒழுங்காகப் பராமரித்து, துணியை நன்றாகப் பிழிந்து, பாதி காய்ந்த பிறகு உள்ளே போட்டு, லோடுக்கு ஒரு யூனிட்டில் முடித்தால்? 24 யூனிட். மொத்தம் 494. கோட்டுக்கு உள்ளேயே நின்றுவிடுகிறது. 2024 ஜூலையில் மாறிய கட்டணப்படி பார்த்தால், இந்த இரண்டு பில்லுக்கும் நடுவே ஏறத்தாழ 600 ரூபாய் வித்தியாசம். வெறும் 48 யூனிட்டுக்கு 600 ரூபாய்! ஒரு யூனிட் 12 ரூபாய்க்கு மேல் ஆகிறது.

லோடுக்கு மூன்றை ஒன்றாக்க முடியுமா என்றால், முடியும். அதற்கு முதலில் வீட்டில் இருப்பது எந்த டிரையர் என்று தெரிய வேண்டும்.

எல்லாமே டிரையர் இல்லை

கடையில் "டிரையர்" என்று சொன்னால் நான்கு விதமான மிஷினைக் காட்டுவார்கள். இரண்டு தொட்டி வைத்த செமி ஆட்டோமேட்டிக்கில் சின்னத் தொட்டியின் பெயரும் டிரையர்தான். அது துணியைச் சுற்றிப் பிழியும், அவ்வளவுதான். ஹீட்டர் கிடையாது. நம் ஊர்களில் பெரும்பாலான வீடுகளில் இருப்பது இதுதான்.

இரண்டாவது, ஹீட்டர் வைத்த தனி டிரையர். இதில் ஒரு வகை, சூடான ஈரக்காற்றை ஒரு குழாய் வழியே வெளியே தள்ளும். இன்னொரு வகை, அந்த ஈரத்தைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி ஒரு தொட்டியில் சேர்க்கும்; கண்டென்சர் என்பது இதுதான். மூன்றாவது, துவைப்பது, காயவைப்பது இரண்டையும் ஒரே டிரம்மில் செய்யும் வாஷர் டிரையர். நான்காவது, ஹீட் பம்ப் டிரையர். ஏசியில் இருப்பதுபோல கம்ப்ரஸரை வைத்து, ஒரே வெப்பத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். ஹீட்டர் மிஷினைவிடச் சுமார் பாதி கரன்ட்தான் எடுக்கும். விலை கூடுதல். வருடத்தில் இரண்டு மூன்று மாதம் மட்டும் டிரையர் போடுகிற வீட்டுக்கு, அந்தக் கூடுதல் விலை பில்லில் திரும்பி வர ரொம்ப வருடம் ஆகும் என்பதையும் யோசித்து வாங்க வேண்டும்.

பால்கோவா சொல்லும் பாடம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கடைகளில் கடாய் முன் நின்று கிண்டுபவர்களைப் பார்த்தால் டிரையரின் ரகசியம் புரிந்துவிடும். பாலைக் கொதிக்க வைப்பது பெரிய வேலை இல்லை. கொதித்த பிறகு அதிலிருக்கிற தண்ணீரை ஆவியாக்கி வற்றவைப்பதுதான் வேலை. எரிப்பதில் பெரும்பங்கு அதற்கே போகும்.

டிரையரும் அதையேதான் செய்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கக் குறைந்தது 0.65 யூனிட் கரன்ட் தேவை. இது இயற்பியல், எந்த பிராண்டு ஹீட்டர் மிஷினும் இதைத் தாண்ட முடியாது. மிஷினில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் லிட்டருக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, துணி உள்ளே போகும்போது அதில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்பதே உங்கள் பில்.

பாலை முறுக்கிப் பிழிய முடியாது. துணியைப் பிழியலாம்!

காய்ந்த நிலையில் நான்கு கிலோ எடையுள்ள பருத்தித் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். சுமாராகப் பிழிந்தால் அதில் நான்கு லிட்டர் தண்ணீர்வரை நிற்கும். நிமிடத்துக்கு 1,200 சுற்றுக்கு மேல் வேகமாகச் சுற்றிப் பிழிந்தால் இரண்டு லிட்டரைச் சுற்றித்தான் நிற்கும். அந்த இரண்டு லிட்டர் வித்தியாசம் கிட்டத்தட்ட இரண்டு யூனிட். கூடுதலாக ஐந்து, பத்து நிமிடம் ஸ்பின் ஓட ஆகும் செலவோ 0.1 யூனிட்டைத் தாண்டாது. மருத்துவமனை லாண்டரிகளிலும் சாயப்பட்டறைகளிலும் ஹைட்ரோ எக்ஸ்ட்ராக்டர் என்று ஒரு பெரிய சுழல் தொட்டி இருக்கும். துணியை அதில் போட்டுத் தண்ணீரை உதறிவிட்டுத்தான் சூட்டுக்கு அனுப்புவார்கள். காசு போட்டுத் தொழில் செய்பவர்கள் நேராக ஹீட்டரை நம்புவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பல செமி ஆட்டோமேட்டிக் மிஷின்களின் சின்னத் தொட்டி நிமிடத்துக்கு 1,300 சுற்றுவரை சுற்றும். அதைவிட அதிக விலை கொடுத்து வாங்கும் டாப் லோடு மிஷின்கள் பலவற்றில் இது 700, 800-தான். பழைய மிஷினை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது, நல்ல பிழியும் தொட்டி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். ஃப்ரன்ட் லோடு வைத்திருப்பவர்கள் ஸ்பின் வேகத்தை ஒருமுறை பாருங்கள். சத்தம் வருகிறது என்று யாரோ எப்போதோ 600-ல் வைத்தது, அப்படியே இருக்கும்.

பிழியும் தொட்டிக்கும் பராமரிப்பு உண்டு. துணிக்கு மேல் வைக்கும் வட்ட மூடியைப் பல வீடுகளில் முதல் மாதமே தொலைத்துவிடுவார்கள். அது இல்லாவிட்டால் சுழலும்போது துணி மேலெழும்பி வெளியே விழும், இடுக்கில் சிக்கும். தண்ணீர் வெளியேறும் ஹோஸ் தரையைவிட உயரமாக வளைந்திருந்தால், பிழிந்த தண்ணீர் தொட்டிக்கு அடியிலேயே தேங்கும். தொட்டி அந்தத் தண்ணீரில் உரசிக்கொண்டே திணறிச் சுற்றும். துணியும் சொதசொதவென்று வரும். மோட்டார் போய்விட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால், ஹோஸைக் கீழே இறக்கி வைத்துப் பாருங்கள்.

மில் ஊருக்குத் தெரியாத பஞ்சா?

இப்போது ஹீட்டர் உள்ள டிரையர்களுக்கு வருவோம். இவற்றின் முதல் எதிரி பஞ்சு.

பஞ்சைப் பற்றி ராஜபாளையத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊர் பஞ்சோடுதான் வாழ்கிறது. நூற்பாலைக்குள் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: ரிங் ஃபிரேம் மிஷின்களுக்கு மேலே தண்டவாளம்போல ஒன்று ஓடும். அதில் ஒரு ஊதுகுழல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். பறக்கும் பஞ்சு மிஷினில் படியாமல் ஊதியும் உறிஞ்சியும் எடுப்பதுதான் அதன் வேலை. நாள் முழுக்க அது நிற்காது. பஞ்சு படிந்தால் நூல் கெடும், மிஷின் சூடேறும், தீப்பிடிக்கவும் செய்யும் என்பதால்தான் அவ்வளவு மெனக்கெடல்.

துணி காயும்போது உதிர்வதும் அதே பருத்தியின் குட்டை இழைகள்தான். புது டர்க்கி டவல், தளவாய்புரத்தில் வாங்கிய புது காட்டன் நைட்டி, கைக்குழந்தையின் ஃபிளானல் துணி, இவையெல்லாம் முதல் சில சலவையில் நிறைய உதிர்க்கும். டிரையரின் ஃபில்டர் அதைப் பிடித்து வைக்கிறது. பிடித்து வைத்ததை எடுக்காவிட்டால் காற்று போக வழி இல்லை. காற்று போகாவிட்டால் ஈரம் வெளியேறாது. ஈரம் வெளியேறாவிட்டால் மிஷின் நிற்காது. ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டியது ஒன்றரை மணி நேரம் ஓடும். ஹீட்டர் 2,000 வாட் என்றால், அந்தக் கூடுதல் அரை மணி நேரம் மட்டும் ஒரு யூனிட்வரை தின்னும்.

அதனால் ஒவ்வொரு லோடுக்கும் ஃபில்டரைச் சுத்தம் செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை போதாது. துணியை எடுத்த கையோடு ஃபில்டரை உருவி, விரலால் வழித்தால் மெல்லிய போர்வைபோல உரிந்து வரும். பத்து விநாடி வேலை. ஆனால் செய்வதில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் கை நிறையத் துணி இருக்கும். டிரையர் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா வைத்துவிட்டால் பழக்கமாகிவிடும்.

"இவ்வளவு பஞ்சு வருதே தாயி, கார்த்திகைக்குத் திரி திரிச்சிரலாம் போலருக்கே" என்று மாமியார் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் பாலியெஸ்டர் இழையும் தலைமுடியும் கலந்திருக்கும். விளக்கேற்றக் கடைத் திரியே போதும். ஆனால் அவர் கேட்டதில் ஒரு உண்மை இருக்கிறது: அந்தப் பஞ்சு அவ்வளவு எளிதில் தீப்பிடிக்கும்.

இன்னொன்று, ஃபில்டர் பார்க்கச் சுத்தமாக இருந்தும் அடைத்திருக்கலாம். துணி வாசனைக்கு ஊற்றும் சாஃப்ட்னர், வலையின் கண்களில் கண்ணுக்குத் தெரியாத பிசுக்காகப் படியும். சோதிப்பது சுலபம். ஃபில்டரைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் நேராக இறங்கினால் நல்லது. வலையின் மேல் குளம்போலத் தேங்கி நின்றால், பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டக் கூடாது.

இதே பிசுக்கு டிரம்மின் உள்ளே இருக்கும் சென்சாரிலும் படியும். இரண்டு நீளமான உலோகப் பட்டைகள் தெரியும். துணி ஈரமா காய்ந்ததா என்று மிஷின் தெரிந்துகொள்வது அதை வைத்துத்தான். உப்புத் தண்ணீர் போர் உள்ள வீடுகளில் வெள்ளையாக உப்பும் ஏறும். பிறகு ஈரத்துணியைக் காய்ந்தது என்று நிறுத்திவிடும். நாம் திரும்ப ஒரு முறை போடுவோம். மாதம் ஒருமுறை, கொஞ்சம் வினிகர் நனைத்த துணியால் அந்தப் பட்டைகளைத் துடைத்தால் போதும்.

குழாய், தொட்டி, பல்லி

காற்றை வெளியே தள்ளும் வகையில் ஹோஸை எப்படி விட்டிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். இடம் இல்லை என்று பாத்ரூமுக்குள்ளேயே ஹோஸை விட்டு, கதவையும் சாத்திவைத்தால், வெளியே போன ஈரக்காற்றையே மிஷின் மறுபடி இழுத்துச் சூடாக்கும். ஜன்னல் வழியாக வெளியே விட வேண்டும். எவ்வளவு குட்டையாக, எவ்வளவு நேராக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மிஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளியதில் ஹோஸ் நசுங்கியிருக்கும். இது அடிக்கடி நடப்பது. பல்லி, குருவி வரும் என்று குழாயின் வாயில் கொசுவலை கட்டுபவர்கள் உண்டு. இரண்டே வாரத்தில் அந்த வலையில் பஞ்சு அடைத்துக்கொள்ளும். காற்று வந்தால் திறந்து, நின்றால் மூடிக்கொள்ளும் மடிப்பு மூடி போடுவதே சரி. மழைக்காலத்தில் ஒருமுறையாவது, மிஷின் ஓடும்போது வெளியே போய்க் குழாயின் வாயில் கையை வைத்துப் பாருங்கள். காற்று முகத்தில் அடிப்பதுபோல வர வேண்டும்.

கண்டென்சர் வகையில் ஒவ்வொரு முறையும் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்வதோடு, கீழே இருக்கும் கண்டென்சர் பெட்டியை மாதம் ஒருமுறை உருவிக் குழாய்த் தண்ணீரில் அலச வேண்டும். அதன் இடுக்குகளில் பஞ்சு சேறுபோலப் படிந்திருக்கும். ஹீட் பம்ப் மிஷினில் அந்தப் பகுதியை உருவ முடியாது. மெல்லிய தகடுகள், கைபட்டால் மடங்கும். முன்னால் இருக்கும் வலையைச் சுத்தம் செய்வதோடு நிறுத்திவிட்டு, மற்றதைச் சர்வீஸ்காரரிடம் விடுவது நல்லது.

தொட்டியில் சேரும் தண்ணீர் பார்க்கக் கண்ணாடிபோல இருக்கும். "இதை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா?" என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. ஊற்றக் கூடாது. பஞ்சுத் துகளும் சோப்பும் கலந்த தண்ணீர் அது. தரை துடைக்கலாம், செடிக்கு ஊற்றலாம்.

வாஷர் டிரையர் வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். எட்டுக் கிலோ மிஷின் என்றால் துவைக்கத்தான் எட்டு. காயவைக்க ஐந்து கிலோ அளவில்தான் இருக்கும். எட்டுக் கிலோவைத் துவைத்து அப்படியே காயவைக்கும் பட்டனையும் அழுத்தினால், மணிக்கணக்கில் ஓடியும் நடுவில் இருக்கும் துணி ஈரமாகவே இருக்கும். பாதியை எடுத்துக் கொடியில் போட்டுவிடுங்கள். அடுத்து, இதில் பஞ்சுக்கெனத் தனி ஃபில்டர் இல்லாத மாடல்கள் உண்டு. பஞ்சு தண்ணீரோடு இறங்கி, முன்பக்கம் கீழே சின்னக் கதவுக்குள் இருக்கும் டிரெயின் ஃபில்டரில் சேரும். சில்லறைக் காசு, ஹேர்பின், சட்டைப் பட்டனோடு சேர்ந்து அது கட்டியாகிக் கிடக்கும். கீழே ஒரு தட்டை வைத்துக்கொண்டு திறக்க வேண்டும், தண்ணீர் கொட்டும்.

எலும்பு காய வேண்டாம்

பருத்திக்கு ஒரு குணம் உண்டு. முழுக்கக் காயவைத்து வெளியே எடுத்தாலும், காற்றிலிருந்து ஈரத்தைத் தானாகவே திரும்ப எடுத்துக்கொள்ளும். பஞ்சு வியாபாரத்தில் இதற்கு 8.5 சதவிகிதம் என்று ஒரு அளவே வைத்திருக்கிறார்கள். நூல் அறுந்துபோகக் கூடாது என்று நூற்பாலைகளுக்குள் காற்றில் ஈரத்தைச் சேர்ப்பதும் இதனால்தான். வீட்டில் நாமோ, துணி மொறுமொறுவென்று சூடாக வர வேண்டும் என்று கூடுதலாக இருபது நிமிடம் ஓட்டுகிறோம். மழைக்காலக் காற்றில் வைத்த அரை மணி நேரத்தில் அது பழையபடி ஈரம் ஏறிவிடும். அந்த இருபது நிமிடக் கரன்ட் யாருக்கும் பயனில்லை.

யூனிஃபார்ம், சட்டை எல்லாவற்றையும் லேசான ஈரத்திலேயே நிறுத்தி, நேராக இஸ்திரி போடுவது இரட்டை லாபம். பல மிஷின்களில் இதற்கென்றே ஒரு புரோகிராம் இருக்கும். ஜீன்ஸையும் டவலையும் மெல்லிய நைட்டியோடு கலந்து போடாதீர்கள். டவல் காயும்வரை நைட்டி சும்மா வறுபட்டுக்கொண்டிருக்கும். டிரம்மில் முக்கால் பாகம் துணி இருந்தால் போதும். இரண்டு லோடு இருந்தால் அடுத்தடுத்துப் போட்டுவிடலாம், முதல் லோடின் சூடு வீணாகாது.

ஆனால் பெரிய மிச்சம் டிரையருக்கு வெளியே இருக்கிறது. வேகமாகப் பிழிந்த துணியை, சன்னல் திறந்த ஓர் அறையில் இடைவெளி விட்டுக் கொடியில் போட்டு ஃபேனைச் சுழலவிடுங்கள். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். பத்து மணி நேரம் ஓடினாலும் முக்கால் யூனிட். பிஎல்டிசி ஃபேன் என்றால் அதில் பாதிகூட ஆகாது. ராத்திரி எப்படியும் தூங்கும் அறையில் ஃபேன் ஓடத்தான் போகிறது. மெல்லிய துணிகள் காலைக்குள் காய்ந்துவிடும். இடுப்புப் பட்டி, காலர், டவல், ஜீன்ஸ் பாக்கெட் மட்டும் ஈரமாக இருக்கும். அவற்றை மட்டும் டிரையரில் இருபது, முப்பது நிமிடம் ஓட்டினால் போதும், முடை நாற்றம் வராது. நம் வீட்டுக் கணக்கில் லோடுக்கு ஒரு யூனிட் என்று சொன்னது இந்த வழியில்தான்.

சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணியை வெளுத்து நீள நீளமாக வெயிலில் காயப்போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தொழிலே வானத்தைப் பார்த்துத்தான் நடக்கிறது. ஒரு மணி நேரம் வெயில் அடித்தாலும் அவர்கள் விடுவதில்லை. வீட்டு மொட்டை மாடிக்கும் அதே கணக்குதான். அடைமழை நடுவே பதினொரு மணிக்கு வெயில் எட்டிப்பார்த்தால், டிரையர் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டுப் படியேறுவதுதான் லாபம். காட்டன் அல்லாத பட்டு, எலாஸ்டிக், ரப்பர் பிரின்ட் போட்ட துணிகளை மழையோ வெயிலோ எப்போதும் டிரையரில் போடாதீர்கள்.

பில்லைவிடப் பெரிய விஷயம்

பஞ்சு சேர்ந்தால் கரன்ட் மட்டும் போகாது. டிரையர் பரவலாக இருக்கும் அமெரிக்காவில், அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான தகவல்களை வைத்துச் சொன்னது: வீடுகளில் டிரையரால் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள். முதல் காரணம், சுத்தம் செய்யாமல் விட்டது. லண்டனில் 2016 ஆகஸ்ட்டில் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் பற்றிய தீ, ஒரு வீட்டின் பழுதான டிரையரில் தொடங்கியதுதான். அந்த வகை மிஷின்கள் லட்சக்கணக்கில் பிறகு திரும்பப் பெறப்பட்டன.

பயப்பட வேண்டாம், மூன்று பழக்கம் போதும். டிரையரைப் போட்டுவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு கோவிலுக்கோ கடைக்கோ போகாதீர்கள். படுக்கப்போகும் நேரத்திலும் ஓட்டாதீர்கள். எண்ணெய்த் துணி, அடுப்படிக் கைப்பிடித் துணி, தைலம் தேய்த்த துண்டு, பெட்ரோல் பட்ட சட்டை எதையும் உள்ளே போடாதீர்கள். துவைத்த பிறகும் எண்ணெய் மிச்சம் இருக்கும், சூட்டில் தானே பற்றும். மிஷினை 16 ஆம்பியர் பவர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. முக்கால் மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறது என்றால் உடனே நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

ஒன்பது மாத ஓய்வு

நம் ஊர் டிரையருக்கு வெளிநாட்டு டிரையருக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. மார்கழிப் பனி முடிந்து தை வெயில் வந்துவிட்டால் மிஷினை மறந்துவிடுவோம். அதன் மேல் பழைய பேப்பர், கொலு பொம்மைப் பெட்டி என்று ஏறிவிடும். அடுத்த ஐப்பசியில் அவசரமாகப் போட்டால் ஒன்று ஓடாது, அல்லது கருகிய வாடை வரும். எலி ஹோஸைக் கடித்திருக்கும், எறும்பு போர்டுக்குள் குடியிருக்கும், பல்லி செத்துக் கிடக்கும்.

தை மாதம் நிறுத்தும்போதே ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து, தொட்டியில் தண்ணீர் இல்லாமல் வடித்து, பிளக்கை உருவி, ஹோஸின் வாயைத் துணியால் கட்டிவிடுங்கள். கட்டியதை அடுத்த முறை அவிழ்க்க மறக்காதபடி பிளக்கிலேயே ஒரு சீட்டு ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை வெறும் டிரம்மைப் பத்து நிமிடம் ஓடவிடலாம். ஃபில்டருக்குக் கீழே கைபோகாத பள்ளத்திலும் டிரம்முக்குப் பின்னாலும் சேர்ந்த பஞ்சை எடுக்க, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மெக்கானிக்கை வைத்துப் பின்பக்கத்தைத் திறந்து சுத்தம் செய்வது நல்லது. அதைப் புரட்டாசியிலேயே செய்துவிடுங்கள். மழை தொடங்கியபின் கூப்பிட்டால், "அக்கா, நாலு நாள் ஆகும்க்கா, ஸ்ரீவில்லிபுத்தூர்ல நிக்கிறேன்" என்றுதான் பதில் வரும்.

கடைசியாக மீட்டர். ஈபி ரீடிங் எடுத்த தேதியும் அன்றைய எண்ணும் வெள்ளை அட்டையிலோ, போனுக்கு வரும் மெசேஜிலோ இருக்கும். மழை மாதங்களில் நாற்பதாவது நாள் ஒருமுறை மீட்டரைப் பார்த்து, பழைய எண்ணைக் கழித்துப் பாருங்கள். 500 யூனிட் கணக்குப்படி அன்றைக்கு 330-ஐச் சுற்றி இருக்க வேண்டும். 370-ஐத் தாண்டியிருந்தால், அடுத்த இருபது நாளைக்கு டவலையும் ஜீன்ஸையும் தவிர மற்றதெல்லாம் மாமியார் கட்டிய கொடியில்.